ஊதாவுக்கு நடுவே ஒரு வெள்ளை: ஒரே இனச் செடிகளில் பூ நிறம் வேறுபடுவது ஏன்?

தென் கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் லினாந்தஸ் பாரியே என்றொரு செடி உண்டு. செடி என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். விரலின் ஒரு கணு உயரம்தான் இருக்கும். தலையில் மட்டும் செடியை மறைக்கிற அளவுக்குப் பூ. மழை ஓரளவு பெய்த வசந்த காலத்தில் மணல்வெளியே தெரியாதபடி பூத்துக் கிடக்கும். பெரும்பாலான இடங்களில் அத்தனையும் வெள்ளை. சில இடங்களில் அத்தனையும் நீலம். இன்னும் சில இடங்களில் ஒரே மணல்திட்டில் நீலமும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு. நீலம் ஓங்கு பண்பு, வெள்ளை ஒடுங்கு பண்பு.

தாவரவியலாளர் கார்ல் எப்ளிங்கும் மரபியலாளர் தியோடோசியஸ் டாப்ஷான்ஸ்கியும் சாலையோரமாக இடம் இடமாக நின்று, ஒவ்வோர் இடத்திலும் நீலம் எத்தனை, வெள்ளை எத்தனை என்று எண்ணி 1942-இல் வெளியிட்டார்கள். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சூவல் ரைட் 1943-இல் ஒரு முடிவுக்கு வந்தார். இந்தப் பூவின் நிறத்தால் செடிக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. தமக்குள் கலந்து இனம் பெருக்கும் செடிக் கூட்டம் சிறியதாக இருந்தால், எந்த நிறம் மிஞ்சும் என்பது தலைமுறைக்குத் தலைமுறை தற்செயலாக ஆடும். ஆடிக்கொண்டே போய் ஓரிடம் முழு நீலமாகும், ஓரிடம் முழு வெள்ளையாகும். மரபியல் நகர்வு என்று இதற்குப் பெயர். இயற்கைத் தேர்வே எல்லாவற்றையும் செதுக்குகிறது என்று வாதிட்ட ரொனால்டு பிஷருக்கும் ரைட்டுக்கும் இருந்த நெடுநாள் வழக்கில் இந்தக் கணு உயரச் செடி ரைட் தரப்புச் சாட்சியாயிற்று. பல பத்தாண்டுகள் பாடநூல்களும் அப்படியே எழுதின.

சாட்சி பின்னால் மாறிப் பேசியது. அதற்கு வருமுன் ஒரு பொதுவான எண்ணத்தை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. பூவுக்கு நிறம் எதற்கு என்றால் வண்டை அழைக்க என்கிறோம். அப்படியானால் நிற வேறுபாட்டுக்கும் காரணம் வண்டின் விருப்பமாகத்தான் இருக்க வேண்டும் என்று அடுத்த அடியை யோசிக்காமலே வைத்துவிடுகிறோம். கடந்த அறுபது, எழுபது ஆண்டு ஆய்வுகளை ஒருசேரப் படித்தால் என் கண்ணுக்குப் படுவது வேறு. வண்டு வழக்கில் ஒரு கட்சிக்காரர்தான். பல வழக்குகளில் அது முக்கியமான கட்சிக்காரர்கூட இல்லை.

எல்லைக்குள் வராதவற்றை முதலில் விலக்கிவிடலாம். உன்னிச்செடியின் ஒரே கொத்தில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் இருப்பது பூவின் வயதால். மலரும்போது மஞ்சள், பிறகு நிறம் மாறுகிறது. ரங்கூன் மல்லி மாலையில் வெள்ளையாக விரிந்து பின்பு சிவப்பதும் அவ்வாறே. ஊட்டித் தோட்டங்களில் பார்க்கும் ஹைட்ரேஞ்சியா புளிப்பு மண்ணில் நீலமாகவும், சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூக்கிறது. அமில மண்ணில் அலுமினியம் செடிக்குள் ஏறுவதுதான் காரணம், செடியின் மரபு ஒன்றேதான். நாம் பேசுவது ஒரே மண்ணில், ஒரே வயதில், பக்கத்துப் பக்கத்துச் செடிகளில் பிறப்பிலேயே வேறுபட்ட நிறத்தைப் பற்றி.

இந்த வேறுபாடு எப்படிப் பிறக்கிறது என்பது எளிய பாதி. நீலம், ஊதா, செம்மை பெரும்பாலும் அந்தோசயனின் என்ற நிறமியால் வருகின்றன. மஞ்சளும் ஆரஞ்சும் பெரும்பாலும் கரோட்டினாய்டால். காகிதப்பூ, அந்திமந்தாரை போன்றவை அடங்கிய சில குடும்பங்களில் மட்டும் அந்தோசயனினுக்குப் பதிலாகப் பீட்டாலைன். அந்தோசயனினைச் செடி ஒரே மூச்சில் செய்துவிடுவதில்லை. ஒரு நொதி ஒரு பொருளை மாற்ற, அடுத்த நொதி அதை மேலும் மாற்ற, படிப்படியாக நிறம் பிறக்கிறது. இதை ஒரு வாய்க்காலாக நினைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதாக விளங்கும். தலைமதகை அடைத்தால் வழியில் உள்ள எல்லா வயலும் காயும். கடைமடையின் மதகை அடைத்தால் அந்த ஒரு வயல் மட்டும் காயும். நிறமி வாய்க்காலின் நடுவில் பிரியும் கிளைகளில்தான் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பிளேவோனால்களும், புழுபூச்சிக்குக் கசக்கும் டானின்களும் உருவாகின்றன. ஆக, வெள்ளைப் பூ என்பது ஒரே வகையானது அல்ல. மதகு எந்த இடத்தில் அடைபட்டது என்பதைப் பொறுத்து அந்தச் செடியின் வாழ்வே மாறும்.

கிரிகோர் மெண்டல் இதன் சாயலை 1866-லேயே பதிவு செய்திருக்கிறார். அவருடைய பட்டாணியில் ஊதாப் பூ பூத்த செடிக்கு விதைத்தோல் பழுப்புச் சாம்பல், இலைக்கக்கத்தில் செந்நிறம். வெள்ளைப் பூ பூத்ததற்கு இரண்டும் கிடையாது. மூன்றும் சேர்ந்தே வந்தன, சேர்ந்தே போயின. அந்த மரபணு எது என்று 2010-இல் கண்டுபிடித்தார்கள். அது நொதியைச் செய்யும் மரபணு அல்ல. நிறமி நொதிகளின் மரபணுக்களை இயக்கிவைக்கும் கட்டுப்பாட்டு மரபணு. பூவுக்கு நிறம் கொடுத்த அதே கைதான் விதைக்கும் தோல் நிறம் கொடுத்திருக்கிறது.

ஒரு மரபணு கெட்டாலே நிறம் போய்விடும் என்பதால் வெள்ளை எந்தக் கூட்டத்திலும் எப்போதாவது தலைகாட்டும். ஆயிரக்கணக்கான நீலப் பூக்களுக்கு நடுவே ஒன்று வெள்ளையாக இருப்பதில் வியப்பில்லை. வியப்பு, வெள்ளை நூற்றுக்கு இருபது, முப்பது என்று ஏறி, அழியாமலும் முழுக்கப் பரவாமலும் நிற்பதில்தான். ஒரு நிறம் சற்றேனும் மேலானது என்றால் இத்தனை தலைமுறையில் அது மற்றதை விரட்டியிருக்க வேண்டாமா? கேள்வியின் கடினமான பாதி இது.

வெள்ளை ஏறாமல் அடங்கிப்போன ஒரு வழக்கை முதலில் பார்க்கலாம். அமெரிக்காவின் ராக்கி மலைப் புல்வெளிகளில் டெல்பினியம் நெல்சோனியை என்ற நீலப் பூச்செடி. வெள்ளைச் செடி மிக அரிது. நிக்கோலஸ் வேசரும் மேரி பிரைசும் 1980-களில் இதைக் கவனித்தார்கள். ஓசனிச்சிட்டும் பம்பிள் தேனீயும் வெள்ளைப் பூவுக்கு வருவது குறைவு; விதையும் அதற்கேற்பக் குறைவு. கையால் மகரந்தம் தடவினால் வெள்ளையும் நீலத்துக்குச் சமமாக விதை பிடித்தது. எனவே பழுது செடியில் இல்லை. கூர்ந்து பார்த்ததில், வெள்ளைப் பூவில் தேன் இருக்கும் வாயைக் காட்டும் குறி சுற்றியுள்ள இதழ்களோடு கலந்து மங்கியிருந்தது. வந்த சிட்டும் தேனீயும் வாயைத் தேடி ஒவ்வொரு பூவிலும் சற்றுக் கூடுதல் நேரம் தடுமாறின. ஆய்வாளர்கள் தூரிகை எடுத்து அந்தக் குறியைத் தெளிவாக்கியதும் பாரபட்சம் மறைந்தது. நிறத்தின் மேல் வெறுப்பில்லை, நேரக் கணக்குதான். எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த சோதனை இதுதான். வண்டுக்கு வெள்ளை பிடிக்காது என்று எழுதி முடித்துவிடாமல், ஏன் பிடிக்காது என்று இன்னோர் அடி எடுத்துவைத்த சோதனை.

அரிதாக இருப்பது இங்கே பாதகம். அரிதாக இருப்பதே சாதகமாகும் வழக்கும் இருக்கிறது. ஐரோப்பாவின் மலைப் புல்வெளிகளில் டாக்டிலோரைசா சம்புசினா என்ற ஆர்க்கிட், மஞ்சளும் செவ்வூதாவுமாக ஒரே இடத்தில் பூக்கும். ஸ்வீடனில் இதை ஆதாம் ஏவாள் என்று ஜோடியாகவே அழைக்கிறார்கள். இந்தப் பூவில் சொட்டுத் தேன் கிடையாது. பகட்டைக் காட்டி ஏமாற்றும் பூ. வசந்தத்தில் புதிதாக வெளியே வரும் பம்பிள் தேனீ மஞ்சளில் இறங்கி ஏமாந்தால் அடுத்து ஊதாவுக்குப் போகிறது; அங்கும் ஏமாந்தால் மறுபடி மஞ்சள். இரு நிறமும் சம எண்ணிக்கையில் இருந்தால் வருகையும் சமமாகப் பிரியும். ஊதா சிலவே இருந்தால் அதே வருகைகள் அந்தச் சிலவற்றின் மேல் குவியும். பூ ஒன்றுக்குக் கிடைக்கும் பங்கு கூடும். லூக் ஜிகோரும் உடன் ஆய்வாளர்களும் இரு நிறங்களையும் வெவ்வேறு விகிதத்தில் அடுக்கிவைத்துச் சோதித்து, அரிய நிறமே அதிக மகரந்தம் அனுப்புகிறது, அதிகம் பெறுகிறது என்று 2001-இல் காட்டினார்கள். எந்த நிறம் குறைந்தாலும் அதற்கு ஆதாயம் கூடி மறுபடி ஏறும்; எதுவும் அழியாது. கோட்பாடாக இதைவிட நேர்த்தியான விடை இல்லை. நேர்த்தியாக இருப்பதாலேயே எல்லாப் பூவுக்கும் இதை ஒட்டிப் பார்க்கும் ஆசையும் வந்துவிட்டது. ஆனால் இதே ஆர்க்கிட்டை வேறு பகுதிகளில் எண்ணிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாய்வு தென்படவில்லை. மஞ்சள் மட்டுமே பூக்கும் கூட்டங்களும் ஐரோப்பாவில் ஏராளம். ஒரு மலையில் சரியான விடை அடுத்த மலைக்குச் செல்லாமல் போகலாம்.

ஐபோமியா பர்பூரியாவின் கதை இன்னும் சுவையானது. மெக்சிகோப் பக்கத்துக் கொடி. அழகுக்காகக் கொண்டுபோய் நட்டது அமெரிக்காவின் தென்கிழக்கில் மக்காச்சோள, சோயாக் கொல்லைகளில் களையாகப் பரவி, ஊதா, நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளை என்று கலந்து பூக்கிறது. பம்பிள் தேனீக்கள் கொல்லையில் வெள்ளை சிலவே இருக்கும்போது அதைத் தாண்டிப் போகின்றன. பாதகம்தானே என்று தோன்றும். ஆனால் இந்தப் பூ தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கக்கூடியது. மைக்கேல் கிளெக்கும் பிரையன் எப்பர்சனும் 1987-இல் காட்டியபடி, வெள்ளை அரிதாக இருக்கும் கொல்லையில் வெள்ளைச் செடி பெரும்பாலும் தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்கிறது. இதில் ஒரு மறைமுக லாபம் இருக்கிறது. அயல் மகரந்தம் ஏற்கும் செடி தன் விதையில் பாதி மரபைத்தான் தருகிறது. தன் மகரந்தம் ஏற்கும் செடி முழு மரபையும் தருகிறது. அதற்கு மேல், வரும் சில தேனீக்கள் மூலம் தன் மகரந்தத்தையும் அக்கம்பக்கத்துச் செடிகளுக்கு அனுப்பிவைக்கிறது. புறக்கணிப்பே அதற்கு ஆதாயமாகிவிடுகிறது! வெள்ளை பெருகியதும் தேனீக்கள் பழகிக்கொள்கின்றன, புறக்கணிப்பு நிற்கிறது, ஆதாயமும் நிற்கிறது.

இதே கொடியில் வாய்க்கால் கணக்கும் துல்லியமாகத் தெரிகிறது. கொல்லைகளில் சாதாரணமாகப் பார்க்கும் வெள்ளை, நிறமி மரபணுக்களைப் பூவில் இயக்கும் ஒரு கட்டுப்பாட்டு மரபணு கெட்டதால் வருவது. கடைமடை அடைப்பு, இதழின் கதிர்க்கோடுகளில் மட்டும் நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு வெள்ளை உண்டு. வாய்க்காலின் முதல் நொதியான சால்கோன் சிந்தேசின் மரபணுவில் தாவும் மரபணு ஒன்று நுழைந்து கெட்டது, தலைமதகு அடைப்பு. அது அரிது. மார்க் ராஷரும் உடனிருந்தவரும் 2003-இல் கண்டது: வெப்பம் ஏறினால் அந்த வெள்ளையின் கருவுறும் திறன் குறைகிறது. பிளேவோனாய்டுகள் வெப்பத்திலிருந்து செடியைக் காத்துவந்தது அப்போதுதான் தெரிந்தது. பார்வைக்கு இரண்டும் வெள்ளை. விதையைத் தீர்மானித்தது வேறொன்று.

கலிபோர்னியாவின் காட்டு முள்ளங்கியில் தேனீயோடு புழுவும் சேர்ந்துகொள்கிறது. அதில் நான்கு நிறம். கரோட்டினாய்டு மட்டும் இருந்தால் மஞ்சள், அந்தோசயனின் மட்டும் இருந்தால் இளஞ்சிவப்பு, இரண்டும் இருந்தால் வெண்கல நிறம், இரண்டும் இல்லாவிட்டால் வெள்ளை. தேனீக்கள் அதிகம் நாடுவது மஞ்சளையும் வெள்ளையையும். அப்படியானால் மற்ற இரண்டும் ஏன் மிச்சம்? ரெபெக்கா இர்வினும் ஷரோன் ஸ்ட்ராசும் 2003-இல் சொன்ன விடை இலைகளில் இருந்தது. இலை தின்னும் பூச்சி, நத்தை வகைகளுக்கும் அந்தோசயனின் இல்லாத அதே மஞ்சள், வெள்ளைச் செடிகள்தான் உகந்த சாப்பாடு. அந்தோசயனின் உள்ள செடிகள் கடிபட்டதும் கடுகுக் காரத்தைத் தரும் குளுக்கோசினோலேட்டைக் கூடுதலாகச் சுரக்கின்றன. தேனீ ஒரு பக்கம் இழுக்கிறது, புழு மறுபக்கம் இழுக்கிறது. பூவை மட்டும் உற்றுப் பார்த்தவர்களுக்கு இது ஒருநாளும் புலப்பட்டிருக்காது.

முள்ளங்கியின் இன்னோர் உறவுச் செடியில் மாரீன் ஸ்டான்டன் குழு 1986-இல் கண்டதையும் சொல்லிவிட வேண்டும். மஞ்சள், வெள்ளைச் செடிகளைக் கலந்து நட்டால் இரண்டும் சம அளவில் விதை பிடித்தன. அதோடு நிறுத்தியிருந்தால் நிறத்தால் வித்தியாசமே இல்லை என்று எழுதியிருப்பார்கள். அந்த விதைகளுக்குத் தந்தை யார் என்று பார்த்தபோது முக்கால் பங்குக்கு மஞ்சள் செடிகளே தந்தை. தாயின் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதிய பழைய ஆய்வுகள் பலவற்றை இதனால்தான் நான் அரை நம்பிக்கையோடு படிக்கிறேன்.

நீர்க் கணக்குக்கு வருவோம். ஜான் வாரனும் சாலி மெக்கன்சியும் 2001-இல் இரு நிறங்களில் பூக்கும் சில இனங்களை எடுத்து, ஒரு பகுதிக்கு நீர் ஊற்றியும் ஒரு பகுதியைக் காயவிட்டும் வளர்த்தார்கள். பொதுப்போக்கு தெளிவாக இருந்தது: வறட்சியில் அந்தோசயனின் உள்ளவை மேல், நீர் நிறைந்தால் வெள்ளை மேல். வறட்சியைத் தாங்குவதில் பங்கெடுக்கும் நிறமிக் குடும்பம் தண்டிலும் இலையிலும் வேலை செய்கிறது. பூவின் நிறம் அதன் வெளியே தெரியும் முனை.

மொஹாவேயின் முடிச்சு அவிழ்ந்ததும் இந்த இடத்தில்தான். முதல் கணக்கை எடுத்த எப்ளிங்கே 1960-இல் ரைட்டின் கருத்தை ஏற்கவில்லை. விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டு உறங்கிக் கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் செடிகளைவிடக் கூட்டம் மிகப் பெரியது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் தற்செயல் ஆட்டம் எடுபடாது என்றார். பிறகு டக்ளஸ் ஷெம்ஸ்கியும் பாலெட் பியர்சுடெக்கும் அதே பாலைவனத்தில் 11 ஆண்டு செடிச் செடியாக விதையை எண்ணினார்கள். 2001-இல் வந்த அந்தக் கட்டுரை பொறுமைக்கு ஓர் உதாரணம். வசந்த மழை தாராளமாகப் பெய்த ஆண்டுகளில் வெள்ளை அதிகம் விதைத்தது. மழை குறைந்த ஆண்டுகளில் நீலம். எந்த நிறமும் நிரந்தர வெற்றி பெறவில்லை, தோற்ற நிறமும் மண்ணுக்குள் விதையாகக் காத்திருந்தது. ஒரே ஓராண்டு போய் எண்ணிவிட்டு வந்திருந்தால் நீலம் மேல் என்றோ வெள்ளை மேல் என்றோ அடித்துச் சொல்லியிருப்பார்கள், இரண்டுமே பிழையாகியிருக்கும்.

2007-இல் அவர்களே இன்னொரு ஆதாரம் தந்தார்கள். ஆழமில்லாத ஓர் ஓடை. ஒரு கரையில் அத்தனையும் நீலம், மறுகரையில் அத்தனையும் வெள்ளை. தற்செயல்தான் காரணம் என்றால் மற்ற மரபணுக்களும் கரைக்குக் கரை வேறுபட்டிருக்க வேண்டும். வேறுபடவில்லை; இரு கரைக்கும் மரபுக் கலப்பு தாராளமாக நடந்திருக்கிறது. நிறம் மட்டும் பிரிந்து நிற்கிறது. அக்கரைச் செடியை இக்கரையிலும் இக்கரைச் செடியை அக்கரையிலும் வளர்த்தால் அந்தந்தக் கரைக்கு உரிய நிறமே வென்றது. மண்ணும் வேறு, உடன் வளரும் செடிகளும் வேறு. ரைட்டின் கணிதத்தில் பிழை இல்லை. மரபியல் நகர்வு என்ற கருத்தும் இன்றுவரை உயிரோடுதான் இருக்கிறது. அவர் அழைத்துவந்த சாட்சிதான் தவறான சாட்சி.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மத்தியதரைக்கடல் பகுதியில் நீலமும் செந்நிறமுமாகப் பூக்கும் லைசிமாக்கியா அர்வென்சிஸ் என்ற சிறு களையை ஒரே இனத்தின் இரு நிறங்கள் என்று வைத்து நிறைய ஆராய்ந்தார்கள். மரபுத் தடங்களை ஒப்பிட்டபோது அவை தனித்தனி மரபுவழிகளாகவே பிரிந்துபோயிருப்பது தெரிந்தது. கேள்விக்கு விடை தேடுமுன் கேள்வி பொருந்துமா என்று பார்க்கவும் வேண்டியிருக்கிறது.

நம் ஊரிலும் இந்தக் கேள்விக்கு ஆட்கள் உண்டு. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் செருவிளையும் கருவிளையும் தனித்தனியாக வருகின்றன. வெள்ளைச் சங்குப்பூ, நீலச் சங்குப்பூ என்று இவற்றுக்கு உரை சொல்வார்கள். மடகாஸ்கரிலிருந்து வந்த நித்தியகல்யாணி கடற்கரை மணலில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகக் கலந்து கிடக்கிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் மேலான ஆய்வுப்பொருள் எருக்கு என்பது என் எண்ணம். தரிசிலும் சாலையோரத்திலும் ஊதா எருக்கு நிறைய நிற்க, இடையில் எங்கோ ஒரு வெள்ளெருக்கு. இரண்டும் காலோட்ரோபிஸ் ஜைஜான்டியா என்ற ஒரே இனம். இரண்டுக்கும் வருவது கரிய, பெருத்த தச்சுத்தேனீ. காலில் சிக்கும் மகரந்தப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். இரண்டின் இலையையும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு தின்னும். கோடையில் மற்றதெல்லாம் காய்ந்த பிறகும் இரண்டும் பச்சையாக நிற்கும். தேனீ, புழு, வறட்சி என்று இதுவரை பார்த்த மூன்று கட்சிக்காரர்களும் ஒரே செடியில் இருக்கிறார்கள்.

நான்காவது ஒருவரும் இருக்கிறார். வெள்ளெருக்கு வேரில் பிள்ளையார் செதுக்க வேரோடு பிடுங்குபவரும் நாம், ராசியானது என்று வீட்டு வாசலிலும் கோயிலிலும் கொண்டுவந்து நடுபவரும் நாம். ஓர் ஊரில் வெள்ளெருக்கு கூடுதலாக இருந்தால் அது மழையின் வேலையா, பக்தியின் வேலையா என்பதை எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இதில் இறங்க நினைக்கும் கல்லூரி மாணவர் பூவை எண்ணுவதோடு நிறுத்தக் கூடாது. ஊதாவிலும் வெள்ளையிலும் செடிக்கு எத்தனை காய் பிடித்தது, காய்க்குள் எத்தனை விதை, இலையில் எவ்வளவு புழுக்கடி என்று ஒரே செடிகளை மழை பெய்த ஆண்டிலும் பொய்த்த ஆண்டிலும் தொடர்ந்து குறித்துவர வேண்டும். விதைகளின் தந்தை யார் என்று மரபணுக் குறியைக் கொண்டும் பார்க்க வேண்டும். கோயில் வாசலில் நட்டதையும் வீட்டு வேலியில் நட்டதையும் தொடக்கத்திலேயே கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும்.